பாரிஸா, லிஸ்பனா: காரைக்காலில் இருந்து எட்டு நாள்

காரைக்காலில் ஒருவர் ஐரோப்பா போகிறேன் என்றால், எந்த நாடு என்று யாரும் கேட்க மாட்டார்கள். "யாரு வூட்டுல தங்குறீங்க?" என்றுதான் கேட்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. ஐரோப்பா என்றால் பிரான்ஸ், பிரான்ஸ் என்றால் பாரிஸ், பாரிஸ் என்றால் அதன் புறநகரில் ஏதோ ஒரு மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீடு. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, பாரிஸை விட்டுவிட்டு லிஸ்பனுக்குப் போய்வந்த புண்ணியவான்கள் நாங்கள். இதே குழப்பத்தில் இருக்கும் தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஏன், எப்போது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இளங்கோ, கிளிஞ்சல்மேடு போகும் வழியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் படகுகள் கரையேறும். அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஜூன் நடுவில் தடை முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டால் பட்டறையில் ஈ ஓட்டலாம். அந்தப் பதினைந்து நாள்தான் எங்களுக்கு விடுமுறை. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பத்து நாள் லீவு கேட்டதற்கு எங்கள் டாக்டர் என்னை ஏதோ கிட்னியைக் கேட்டதுபோல் பார்த்தார்.

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனபோதுகூட வேனில் ஒன்பது பேர். அதன் பிறகு மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள், வருகிற போகிற உறவு. நாங்கள் இருவர் மட்டும் வெளியூரில் ஒரு நாள் தங்கியது கிடையாது. எட்டு நாள், இரண்டே பேர், வேறு யாரும் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து பாரிஸ் போய்வர ஒருவருக்கு அறுபத்தொன்றாயிரம் ரூபாய். லிஸ்பனுக்கு எழுபத்து நாலாயிரம். இரண்டுக்கும் வழியில் ஒரு விமானம் மாறவேண்டும். அறை வாடகை பாரிஸில் ஒரு நாளைக்கு 140 யூரோவுக்குக் குறைந்து சுமாராகக்கூட அமையவில்லை. லிஸ்பனில் 82 யூரோவுக்குச் சின்ன அடுப்படியுடன் கிடைத்தது. நாங்கள் விசாரித்தபோது பிரான்ஸ் விசாவுக்குப் புதுச்சேரியிலேயே கைரேகை வைக்கலாம் என்றார்கள், 130 கிலோமீட்டர். லிஸ்பன் என்றால் சென்னை வரை 290 கிலோமீட்டர் போகவேண்டும். விசாக் கட்டணம் இரண்டுக்கும் தலைக்குத் தொண்ணூறு யூரோ.

ஆனால் பாரிஸில் அறையே தேவையில்லை என்பதுதான் சிக்கல். இளங்கோவின் அக்கா அங்கே பதினேழு வருஷமாக இருக்கிறார். அவர் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்கினால் அது அவமரியாதை. வீட்டில் தங்கினால் எட்டு நாளும் விருந்து, மீதி நேரத்தில் அங்கிருக்கும் மற்ற காரைக்கால்காரர் வீடுகளில் விருந்து. பாரிஸ் போய் ஆறு நாள் தங்கி, கோபுரத்தை ரயில் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டு வந்த ஜோடியை எனக்குத் தெரியும். தவிர, அந்த அக்காவுக்கு, நான் கூப்பிடுவது அண்ணி என்று, என்மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. போனில் பேசினால் "நல்லா இருக்கியா, புள்ளைங்க நல்லா இருக்கா, தம்பிகிட்ட குடு" என்று மூன்றே வரிதான். பதினாலு வருஷமாக அதே மூன்று வரி.

லிஸ்பன் என்று முடிவு செய்து டிக்கெட்டும் போட்டோம். அதன் பிறகு ஒரு தப்பு செய்தோம், அதைக் காரைக்கால்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும். வெட்கத்தில் யாரிடமும் ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை. ஐரோப்பா போகிறோம் என்றதோடு நிறுத்திக்கொண்டோம். மறுநாள் காலையே பக்கத்துத் தெரு நூர்ஜஹான் மாமி, பாரிஸில் இருக்கும் மகனுக்கு இரண்டு கிலோ மசாலாத்தூளும் இறால் கருவாடும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுக்கவேண்டியவர் இளங்கோ. அவரோ, "வைங்க மாமி" என்று வாங்கி வைத்தார். ஒரு வீட்டுப் பொட்டலத்தை வாங்கிவிட்டால் அடுத்த வீட்டுக்கு இல்லையென்று சொல்ல முடியாது. பத்து நாளில் ஏழு பொட்டலம், பதினாறு கிலோ.

"ஏங்க, இதையெல்லாம் லிஸ்பன் ஆத்துலயா போடப் போறோம்?" என்றேன். பேசாமல் பாரிஸுக்கு ஒரு மூன்று நாள் ஒதுக்கிவிடலாமா என்று மெதுவாக இழுத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதருக்கு 'இல்லை' என்ற சொல்லே வாயில் வராது என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாப்பாடு போட்டதோடு சரி, பேச்சில்லை.

மறுநாள் காலை அவரே பொட்டலங்களை ஸ்கூட்டரில் கட்டினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். நூர்ஜஹான் மாமி வாசலிலேயே கேட்டார்.

"பாரீஸ் போவலையா? பின்ன எங்கே?"

"லிஸ்பன், மாமி. போர்ச்சுகல்ல இருக்கு."

"அங்கே யாரு இருக்கா?"

"யாருமில்லைங்க."

"யாருமில்லாத ஊருக்கு எதுக்கு தம்பி காசைப் போட்டுப் போறீங்க?" மாமி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி சரி, போய்ட்டு வாங்க. அல்லா காவல்." ஏழு வீட்டிலும் ஏறக்குறைய இதே கேள்விதான், சிரிப்பு மட்டும் எல்லா வீட்டிலும் கிடைக்கவில்லை. அன்று மாலை இளங்கோ தன் அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னார். "சரி, ஒன் இஷ்டம்" என்று அண்ணி வைத்துவிட்டார். பழி எனக்குத்தான் என்பது தெரிந்ததுதான்.

இனி லிஸ்பன். ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும். கடல்மட்டத்துக்குச் சமமான ஊரில் பிறந்த நமக்கு முதல் நாளே கெண்டைக்கால் கட்டிக்கொள்ளும், தைலம் எடுத்துப்போங்கள். மஞ்சள் நிற 28-ம் எண் டிராமுக்கு ஒரு மணி நேரம் வரிசை. காலை எட்டுக்கு முன்னால் போனால் உட்காரவே இடம் கிடைக்கும். பஸ், டிராம், மெட்ரோ மூன்றுக்கும் சேர்த்து இருபத்துநாலு மணி நேரச் சீட்டு ஏழு யூரோவும் சில்லறையும். ஜூன் மாதம் முழுக்க ஏதோ திருவிழா. சந்துக்குச் சந்து கரி அடுப்பில் மத்தி மீனைச் சுடுகிறார்கள். மசாலா கிடையாது, கல்லுப்பு மட்டும். முகம் சுளித்துக்கொண்டு வாங்கிய இளங்கோ ஆறு மீன் தின்றார். "நம்ம மத்திதான், சட்டை மாத்தியிருக்கு" என்றார்.

முதல் இரண்டு நாள் எங்களுக்குப் பேச்சே ஓடவில்லை, உண்மையைச் சொல்கிறேன். பிள்ளைகள், கரண்ட் பில், மாமியாரின் சர்க்கரை அளவு எல்லாம் பேசி முடித்தபின் வேறென்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. இதற்காகவா இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டோம்? மூன்றாம் நாள் அவர் டிராம் ஓட்டுநரிடம் கையாட்டிப் பேசி பிரேக்கைக் காட்டச் சொன்னார். நான் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளை வைத்து அந்த வீட்டில் எத்தனை பேர் என்று ஊகம் சொன்னேன். அப்படித்தான் பேச்சு வந்தது.

ஐந்தாம் நாள் மாலை ஆற்றைக் கடக்கும் படகில் ஏறினோம். பத்து நிமிடப் பயணம், ஒன்றரை யூரோ. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று சொன்னார்:

"பாரீஸை வேணாம்னு நான் சொல்றது இது ரெண்டாவது தடவ."

"மொத தடவ எப்ப?"

"ஒன்னப் பொண்ணு பாத்துட்டு வந்த மறுவாரம். நேஷனாலிட்டி இருக்குற பொண்ணு ஒண்ணை அக்கா பேசி முடிச்சு வச்சிருந்துச்சு. நான் கெளம்பிப் போனா போதும். அக்காவுக்கு அங்கே கூடப்பொறந்தவன்னு யாரும் இல்லல்ல? நான்தான் வரமாட்டேன்னுட்டேன்."

நேஷனாலிட்டிக்கு, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு, எங்கள் ஊரில் என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வீடு, நிலம், நகை எல்லாம் அதற்குக் கீழேதான்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அக்கா மேல கோவப்படுவ."

"என்னத்தக் கண்டீங்க எங்கிட்ட, அதை விட்டுட்டு வர?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கி எல்லாரும் என்ன சம்பாதிக்கிறேன்னு கேட்டாங்க. நீதான் என் கையப் பாத்து, 'இது டீசல் கறையா, கிரீஸா'ன்னு கேட்ட."

எனக்கு அப்படிக் கேட்ட ஞாபகமே இல்லை. படகு அக்கரைக்கு வந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை. அழுதேன், வெட்கமில்லாமல். சிப்பந்தி வந்து ஏதோ கேட்டார். இளங்கோ அவருக்குச் சைகையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினாலு வருஷத்து மூன்று வரிக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. அண்ணியை மீதி மூன்று நாளுக்கு லிஸ்பனுக்கு வரச் சொல்லியிருக்கலாம். விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான். தோன்றத்தான் செய்தது. கூப்பிடவில்லை. அந்த மூன்று நாளையும் நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. இறைச்சி, பால், நெய், பால் இனிப்பு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். கருவாடு வைக்கலாம், மணத்துக்கு நீங்கள் பொறுப்பு. எட்டு நாளில் இரண்டு ஊர் பார்க்க ஆசைப்படாதீர்கள். சொந்தம் இருக்கும் ஊரா, இல்லாத ஊரா என்ற கேள்விக்கு, முதல் பயணம் என்றால் இல்லாத ஊர் என்பேன். ஊர்ப்பெயரை எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திரும்பும்போது லிஸ்பன் விமான நிலையத்திலிருந்து அண்ணிக்கு நானே போன் செய்தேன். வழக்கம்போல் "நல்லா இருக்கியா, புள்ளைங்க நல்லா இருக்கா, தம்பிகிட்ட குடு" என்றார்.

"குடுக்கறேன் அண்ணி. அடுத்த ஜூன்ல நாங்க அங்கே வர்றோம். ஒங்க வூட்டுலதான் தங்குவோம்."

  அண்ணி மெதுவாகக் கேட்டார்:

"எத்தன நாளு?"

"எட்டு நாளும்" என்றேன்.