எலெக்ட்ரான் உள்ளேயா, வெளியேயா

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நீர் மூலக்கூறுகளைக் கணினியில் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, அவை எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வெற்றிடப் பம்புகளின் இரைச்சலுக்கு நடுவே, நிஜமான கொத்துகளை உண்டாக்கி லேசரால் சுடுவது அவள் கணவனின் வேலை. குடும்பம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஓர் எலெக்ட்ரான் புகுந்தது.

உப்பைத் தண்ணீரில் போட்டால் சோடியம் அயனியை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும். அதில் இருவருக்கும் தகராறில்லை. ஆனால் சில டஜன் மூலக்கூறுகளே உள்ள கொத்தில் தனி எலெக்ட்ரான் ஒன்று வந்து சேர்ந்தால் எங்கே இருக்கும்? நடுவில் குழி பறித்து உட்காரும் என்றான் அவன். வெளியே தொற்றிக்கொண்டு நிற்கும் என்றாள் அவள்.

சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுதான்.

"உங்க மெஷின் சொன்னா அப்பீலே கிடையாதா?"

"உன் கம்ப்யூட்டர் நீ சொல்லிக்குடுத்ததைத்தானே சொல்லும்?"

மாமியார் தட்டை நகர்த்தினார். "மருமக சொல்றதுதான் சரி."

"அம்மா, எலெக்ட்ரான்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"அது தெரியாதுடா. உன்னைத் தெரியும்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவியின் வாயை அடைத்தே தீருவதென்று, கொத்துகளை முன்னைவிடக் குளிரவைத்து அளந்தான். லேசர் பட்டு எலெக்ட்ரான் பிய்ந்து வரும் வேகத்தைப் பார்த்தால், அது எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருந்தது என்று தெரிந்துவிடும். வரைபடத்தில், உள்ளே உட்கார்ந்தவை காட்டும் பழைய மேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு மேடு. சுலபமாகக் கழன்று வந்தவை, வெளியே தொற்றியிருந்தவை.

கருவியைக் குறை சொல்லிப் பார்த்தான். பம்பைக் கழற்றி மாட்டினான். மேடு அசைந்து கொடுக்கவில்லை. மாடியேறி அவள் அறை வாசலில் போய் நின்றான்.

"வெளியேயும் இருக்கு."

"பம்பு சத்தத்துல சரியா கேக்கல. என்ன சொன்னீங்க?"

"இங்க ஏது பம்பு? வெளியே இருக்குன்னேன். ஆனா உள்ளேயும் இருக்கு!"

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகம்தான் சிவந்தது. கொஞ்ச நாளாக அவளுடைய கணக்கிலும், பெரிய கொத்துகளில் எலெக்ட்ரான் நைசாக உள்ளே போய் உட்காரத் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி அவள் மூச்சு விட்டிருக்கவில்லை. இப்போது திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"அடிப்பாவி!" என்றான்.

இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதினார்கள், அதிகம் சண்டை போடாமல். பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது, அயோடைடு அயனி கொத்தின் மேலே மிதக்குமா, நடுவே அமிழுமா என்று அவள் ஆரம்பித்தாள். மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.