வில்லன் பேசிய இங்கிலிஷ்

கற்பிட்டியில் நான் நடத்தும் இங்கிலிஷ் வகுப்பில், பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த சினிமாப் பாத்திரமாக மாறித்தான் பேச வேண்டும்.

ரிஸ்னா சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. போன கிழமை, "நான் வில்லனா வாறன் டீச்சர்" என்றாள். அதன்பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வில்லனுக்கு இலக்கணம் பிழைத்தால் யார் துணிந்து சிரிப்பது?

இன்று பின்னேரம் அவளுடைய வாப்பா வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

"புள்ளைய இங்கிலிஷ் படிக்கத்தான் அனுப்பின, டீச்சர். படம் நடிக்க இல்ல. வா மகள், போவம்."

நான் பதில் சொல்வதற்குள் ரிஸ்னா எழுந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். குரல் நடுங்கியது, ஆனால் அது வில்லனின் குரல்தான்.

"வாப்பா, ப்ளீஸ் சிட் டவுன். ஐ ஹேவ் நொட் ஃபினிஷ்ட்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை இருந்தார். போகும்போது எனக்கு ஸலாம் மட்டும் சொன்னார்.

நான் வகுப்பை மாற்றப் போவதில்லை. முறைப்பாடு உள்ள பெற்றோர் தாராளமாக வரலாம், ஆனால் இங்கிலிஷில் சொல்ல வேண்டும்.

எந்தப் பாத்திரமாக வருகிறீர்கள் என்பதை மட்டும் இந்தப் பதிவின் கீழே எழுதிவிடுங்கள்.