ஒரு காம்பஸுக்காக முட்டி போட்டவன்

எனக்கு இரட்டைப் பிள்ளைகள், பெண்ணும் பையனும். அவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம் திண்டிவனத்தில் இருவரும் படித்த பள்ளி வகுப்பைப் பிரித்தது. ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. இடைவேளைகூட வேறு வேறு நேரம். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. காலை அவசரத்தில் அதைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விழுப்புரத்தில் வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். அடுத்தவர் காகிதத்தில் ஒரு கமா விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். "உடனே வாங்க" என்றார்கள். காரணம் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்த ஒரு மணி நேரமும் எதை எதையோ நினைத்துக்கொண்டே வந்தேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது, இறங்கிப் பள்ளிக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது.

பள்ளிக்குள் நுழைந்ததும் பையனைப் பார்த்தேன். மைதானத்தில் வெயிலில் முட்டி போட்டிருந்தான். பெண் பிரின்சிபால் அறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நடந்தது இதுதான். அவளுக்கு அன்று கணக்குப் பரீட்சை. காம்பஸை வீட்டில் விட்டுவிட்டாள். அவன் மாடியிலிருந்து இறங்கி வந்து தன்னுடையதைக் கொடுத்தான். பி.டி. மாஸ்டர் பிடித்துவிட்டார்.

"அவங்க கூடப் பொறந்தவங்க மேடம்" என்றேன்.

பிரின்சிபால் அம்மாள் சிரித்தார். "ட்வின்ஸ்னு எங்களுக்குத் தெரியும்மா. பாக்கிற மத்த பசங்களுக்குத் தெரியுமா? அவங்க என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "ஒரு லெட்டர் எழுதி, ரெண்டு பேரு ஆதார் ஜெராக்ஸும் வெச்சிக் குடுங்க. இவங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன் தர்றேன்."

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் பேனாவைத் தேடினேன். அப்போது வாசலிலிருந்து பெண் கேட்டாள்: "வேற பையன் குடுத்திருந்தா தப்பா மேடம்? காம்பஸ்தானே?"

"பாத்தீங்களா பேச்ச! இதுக்குத்தான் பிரிச்சி வெச்சிருக்கோம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. பையைத் தூக்கிக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போய் அவனை எழுப்பினேன். முட்டியில் மணல் அப்பியிருந்தது. "யாரு எழுந்திரிக்கச் சொன்னது?" என்று பி.டி. மாஸ்டர் கத்தினார். "பெத்தவ சொன்னேன்" என்று நானும் கத்தினேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் அப்படிக் கத்தியதில்லை.

மறுநாள் ஆபீசில், பிள்ளைகளை இப்படிப் பிரிக்க வேண்டாம் என்று ஒரு மனு டைப் செய்து, மற்ற பெற்றோரிடம் கையெழுத்து வாங்க சாயங்காலம் பள்ளி கேட்டில் நின்றேன். ஏழெட்டுப் பேர் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பெண் மட்டும் என்னை ஓரமாக அழைத்துப்போனாள். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வருகிறவள்.

"அக்கா, பொம்பளப் புள்ளைங்களத் தனியா வெச்சிருக்காங்கன்னு சொன்னப்பறம்தான் எங்க ஊட்டுக்காரரு பொண்ண அனுப்பிக்கினு இருக்காரு. இல்லன்னா எட்டாவதோட நிறுத்தியிருப்பாரு. பேஜாரு பண்ணாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவளிடம் நான் என்ன சொல்வது? முகம் தெரியாத அந்த ஆள் மீது வந்த கோபத்தை அவள் மீது காட்ட முடியுமா? ஆணும் பெண்ணும் ஒரே அறையில் இருந்தால் கெட்டுவிடுவார்கள் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைப் பள்ளி வாங்கி, ஒழுக்கம் என்று பெயர் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. நடுவில் நசுங்குவது பிள்ளைகள்.

மனுவில் கடைசிவரை என் கையெழுத்து ஒன்றுதான். என் கணவர்கூடப் போடவில்லை. "ஊரோட ஒத்துப்போயேன்" என்றார். அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல், அந்த வருடம் முடிந்ததும் இருவருக்கும் டி.சி. வாங்கினேன். பதினைந்து நாள் அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது பக்கத்துக் கிராமத்து அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். எல்லோரும் ஒரே அறைதான். போன வாரம் பெஞ்சில் இடத்துக்காக ஒரு பையனோடு சண்டை போட்டாளாம் என் பெண். டீச்சர் இரண்டு பேரையும் சமமாகத் திட்டினாராம். சாப்பிட்டுக்கொண்டே அவள் அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தப் பழைய பள்ளி வாசலைத் தாண்டும்போதெல்லாம் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.