ஒச்சம்மாளுக்குப் பேர் விழுந்தது

எங்கள் தெருக் கடைசியில் ஏலக்காய் மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கி. மதுரையிலிருந்து வந்த ஒரு சங்கத்தார் அதைக் குறுக்கே தடுத்து ஆறு ரூம் ஆக்கினார்கள். போடி பஸ் ஸ்டாண்டிலும் சந்தைக் கொட்டகையிலும் படுத்துக் கிடந்தவர்களுக்கு அந்த ரூம்கள். வாடகை கிடையாது. மாத்திரை சாப்பிட்டார்களா, ரேசன் கார்டு வந்ததா என்று பார்க்கச் சங்கத்து அன்னக்கொடி அக்கா தினமும் வருவார். ஆட்கள் நிறையப் பேர் இருந்ததால் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். அதில் ஒரு ரூம் ஒச்சம்மாளுக்கு விழுந்தது.

ஒச்சம்மாளை ஊருக்கே தெரியும். குரங்கணி பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கும். மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த கை. புருசன் மொக்கையன் செத்தான். மழையே பெய்யாமல் ஏலமெல்லாம் கருகிய வருசத்தில், சரிவில் விழுந்து முட்டியும் போனது. தோட்டத்தில் வேலை போனால் தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடும் போகும். ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சிலமலையில் இருக்கும் தம்பி வீட்டில் போய் நின்றதற்கு ஒரு வாய்ச் சோறு கிடைத்தது, படுக்க இடம் கிடைக்கவில்லை. அப்புறம் பஸ் ஸ்டாண்டுதான்.

“காத்தாட நடமாடுன ஒடம்பு. நாலு செவுத்துக்குள்ள நிக்குமா? பொங்கலுக்குள்ள பழைய எடத்துக்கே போயிரும் பாரு” என்றார் டீக்கடைக் கன்னையன் மாமா.

“போகாது” என்றேன் நான். எனக்கு எதையும் மறுத்துச் சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

“போகலைன்னா ஒரு மாசம் ஒனக்கு ஓசி வடை. போச்சுன்னா எங்கடை கிளாசையெல்லாம் நீ கழுவணும். பந்தயமா?”

பந்தயம் கட்டியாகிவிட்டது. ஆள் தங்காமல் பூட்டிக் கிடந்தால் ரூம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பது சங்கத்துச் சட்டம். ஆகவே ஒச்சம்மாள் தங்குகிறதா என்று கவனிப்பது என் சோலியாயிற்று. ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டதால் நேரத்துக்கும் பஞ்சமில்லை.

கவனித்ததில்தான் அந்த வேடிக்கை தெரிந்தது. விடிந்தும் விடியாமல் ஒச்சம்மாள் எழுந்துவிடும். தன் வாசலை மட்டுமல்ல, ஆறு ரூமுக்கும் சேர்த்துக் கூட்டும். வேப்பஞ்சருகு ஒன்று விழுந்தாலும் ஓடிப்போய்ப் பொறுக்கும். முட்டியை இழுத்து இழுத்து எல்லாருக்கும் குழாயடியில் தண்ணீர் பிடித்து வைக்கும். அன்னக்கொடி அக்கா தலை தெரிந்தால் வேகம் இரண்டு மடங்காகும். யாரும் கேட்காத வேலையை ஒரு மனுசி ஏன் செய்ய வேண்டும்?

“ஏன் பெரியாத்தா இப்பிடிப் பாடுபடுற?” என்று கேட்டேன்.

“ஏடி பொன்னுமணி, ஒஞ்சோலியப் பாத்துக்கிட்டுப் போடி” என்று விரட்டியது.

கேட்டால் சொல்லாதவர்களுக்கு என்னிடம் வேறு வைத்தியம் உண்டு. மறுநாள் விளக்குமாற்றை எடுத்து ஓட்டு மேல் போட்டுவிட்டேன். கெட்ட வார்த்தையில் ஒரு கச்சேரி நடக்கும் என்று காத்திருந்தேன். அதுவோ வேப்பங்கொப்பை ஒடித்து அவசரமாகக் கூட்ட ஆரம்பித்தது.

“கங்காணி வந்துருவாகடி. கூட்டாமக் கெடந்தா இன்னைக்குப் பேரு இல்லைன்னுருவாக.”

“எந்தக் கங்காணி?”

தெருமுனையில் வந்துகொண்டிருந்த அன்னக்கொடி அக்காவைக் கண்ணால் காட்டியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்குமாறு மட்டும் தானாகக் கீழே இறங்கிவிட்டது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் வாசல் கூட்டாமல் கிடந்தது. ஒச்சம்மாள் ரூமைப் பூட்டி, சாவியை அன்னக்கொடி அக்கா உட்காரும் பெஞ்சில் வைத்திருந்தது. கன்னையன் மாமா கடை வாசலிலேயே நின்று, “கிளாசு கெடக்கு, வெரசா வா” என்று சிரித்தார்.

நானும் அக்காவும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம். குரங்கணி பஸ் நிற்கும் இடத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தது. தொட்டால் சுட்டது.

“என்னம்மா இது? எந்திரிங்க, ரூமுக்குப் போவோம்” என்றார் அக்கா.

“காய்ச்சலு தாயி. பேரு போட முடியல. அதான் சாவிய வச்சுட்டு வந்துட்டேன்.”

“என்ன பேரு?”

“நீதான சொன்ன? ‘ஒங்களுக்குப் பேரு விழுந்துருச்சு, ரூமுக்கு வாங்க’ன்னு. என்ன சோலின்னு நீ சொல்லல. நானாப் பாத்துக் கூட்டுனேன், தண்ணி சொமந்தேன்.”

அக்கா டவுனில் பிறந்தவர், அவருக்குப் புரியவில்லை. தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள் தெருவில் பேசிக் கேட்ட எனக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்றால் ஒரு பேர். பாதி வேலைக்கு அரைப்பேர். பேர் விழுந்தால்தான் ஆள். பேரை வெட்டினால் வீடு காலி. சீட்டில் விழுந்த பேரை இந்த மனுசி வேலைப் பேர் என்று நினைத்து, கூட்டிக் கூட்டியே குடியிருந்திருக்கிறது!

அக்கா பதறிப்போய், “ஐயோ, அது குலுக்கல்ல விழுந்த பேரும்மா. ஒரு வேலையும் செய்ய வேணாம். சும்மா இருக்கலாம்” என்றார்.

அதுதான் வினையாகிப்போனது. ஒச்சம்மாள் மூட்டையை இன்னும் இறுக்கியது.

“சும்மாக் குடுக்குறவுக சும்மாவே புடுங்கிக்கிருவாக. மதி, போதும் தாயி, எனக்கு வேண்டா.”

நான் பக்கத்தில் குத்தவைத்தேன். “பெரியாத்தா, மலையில எப்ப இருந்து காய் எடுத்த?”

“சமைஞ்சதுல இருந்து.”

“அம்புட்டுப் பேரும் எங்க போச்சுங்கிற? எல்லாம் மலையெறங்கி இங்க வந்து சேந்துருச்சு. அதுக்குத்தான் ரூமு.”

என்னை முறைத்தது. “பொய்யி.”

“வந்து சேந்தது பொய்யி. நீ போட்ட பேரு பொய்யா?”

ஒரு பஸ் வந்து, ஆள் இறக்கி, போயே போய்விட்டது. பிறகு அக்காவைப் பார்த்து, “படுத்துக் கெடந்தாலும் பேர வெட்ட மாட்டியே?” என்றது.

“மாட்டேன்.”

“அரைப்பேரு போட மாட்டியே?”

“முழுப்பேரும்மா.”

“கையில அடி.”

அக்கா அதன் உள்ளங்கையில் ஓங்கி அடித்தார். எழுப்பி நடத்தி வந்தோம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஆறு ரூம் வாசலிலும் வேப்பஞ்சருகு குப்பையாகக் கிடந்தது. கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே குறட்டைச் சத்தம். விளக்குமாற்றை எடுத்தேன், கூட்ட மனசில்லாமல் திரும்பவும் சாத்திவிட்டு, பொங்கல் வரைக்கும் காத்திராமல் வடை தின்னப் போனேன்.