அண்ணனின் இன்னொரு பெயர்

தொடர்ந்து ஒரு வாரம் பெய்த மழைக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. கைப்பிடி அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், குச்சி ஊன்றினார்கள், இனி இங்கே யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டுக் குடும்பங்களில் ஏழு, ஃபாக்டரிக்குக் கீழே கட்டிக் கொடுத்த புது வீடுகளுக்கு இறங்கிவிட்டன. எட்டாவது குடும்பம் என் அம்மா. அந்தக் குடும்பத்தில் இப்போது அவள் ஒருத்திதான்.

எனக்குத் தலவாக்கலையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. புருஷன், பிள்ளைகளோடு அங்கேயே வாடகைக்கு இருக்கிறோம். வானம் இருட்டினாலே கையில் மாத்திரை அட்டையை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போடுவேன். இறங்கி வாம்மா என்று கெஞ்சியிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், பேசாமலும் இருந்து பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"உங்கண்ணனுக்குத் தெரிஞ்ச வீடு இது ஒண்ணுதான். பூட்டிக் கெடந்தா அவன் எங்கிட்டுப் போவான்?"

அண்ணன் காணாமல் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனவன் பொங்கலுக்கு வரவில்லை. கடைக்குப் போன் எடுத்துக் கேட்டபோது, லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குத்தான் கிளம்பினான் என்றார் முதலாளி. கொழும்புக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவில் எங்கேயோ அவன் இல்லாமல் போய்விட்டான். பிடித்துப் போனார்களா, பஸ்ஸில் அடிபட்டானா, கப்பல் ஏறிவிட்டானா, எதுவும் தெரியாது. அது யுத்தம் நடந்த, தமிழ்ப் பையன்கள் ரோட்டில் நிற்கவே பயந்த காலம். எதுவும் நடந்திருக்கலாம்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டில் சிங்களம் ஓரளவு பேசத் தெரிந்தவள் நான்தான் என்பதால் அம்மா என்னைப் பொலிசுக்குக் கூட்டிப் போனாள். "நம கியன்ன" என்றார் மேசையில் இருந்தவர். பேரைச் சொல்லுங்க என்கிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு நாங்கள் வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னாள். நான் அதை எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் சட்டைப் பித்தான் கழுத்துவரை போட்டு எடுத்திருந்த ஒரு படத்தையும் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. அப்படி ஒருவர் இல்லை என்று மூன்று மொழியிலும் கடிதங்கள் வந்தன. கோயிலில் குறி கேட்டோம்; வடக்குத் திசையில் இருக்கிறான் என்றார்கள், அடுத்த வருஷம் இன்னொருவர் தெற்கு என்றார். நோட்டன் பிரிட்ஜில் அவனைப் போல ஒருவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறான் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் அம்மாவும் வேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். அவனைப் போலத்தான் இருந்தான், பாவம், வேறு யாரோ. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணன் எங்கே என்று கேட்டபோது டுபாயில் என்றார் அப்பா. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று அவர்கள் கேட்க, லீவு கிடைக்கவில்லை என்று நானே இன்னொரு பொய்யைச் சேர்த்தேன். அப்பா செத்தபோது கொள்ளி வைக்கச் சித்தப்பா மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாடையைத் தூக்குகிற நேரத்திலும் அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு எனக்கு அண்ணன் மேல்தான் கோபம் வந்தது.

செத்துவிட்டான் என்று ஒரு தாள் வந்தால் போதும் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இதை எழுதக் கூசவில்லை. காத்திருந்து காத்திருந்து கூச்சமும் தேய்ந்துவிட்டது.

காணாமல் போனவர்களின் குடும்பத்துக்கு, ஆள் காணாமல் போனது உண்மைதான் என்று அரசாங்கமே ஒரு சான்றிதழ் கொடுக்கிறது என்று மருந்து வாங்க வந்த ஒருவர் சொன்னார். செத்துவிட்டான் என்று அதில் எழுத மாட்டார்களாம். அதனால் அம்மாவிடம் பேசத் துணிந்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்.

"எல்லா எடத்துலயும் தேடிட்டோம், அவன் இல்லன்னு கவர்மெண்டே கடுதாசி குடுத்தா, அன்னைக்கே நான் எறங்கி வந்துர்றேன். போதுமா?"

எனக்கு அது போதும். அவள் மனம் மாறுவதற்குள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விண்ணப்பத் தாளோடு லயத்துக்குப் போய் நின்றேன்.

விண்ணப்பத்துக்கு அண்ணனின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அம்மா தகரப் பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றியதை எடுத்துக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். அம்மா பெயர் சரி, அப்பா பெயர் சரி. பிள்ளையின் பெயர் வேறு. பிறந்த வருஷமும் இரண்டு வருஷம் முந்தி இருந்தது.

"இது யாரும்மா?"

"மூத்தது."

எனக்கு முன்னால் அண்ணன் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அவனுக்கும் முன்னால் ஒருவன் பிறந்து, இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போயிருக்கிறான். அவனுக்குப் பத்திரம் எடுத்திருந்தார்கள். அடுத்ததும் ஆண் பிள்ளையாகப் பிறந்தபோது, மறுபடி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு அலைவானேன், இருக்கிற பத்திரமே இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அந்தப் பத்திரத்தை வைத்துத்தான், அடையாள அட்டை எடுத்ததும் அதை வைத்துத்தான். எங்கள் தோட்டத்தில் இப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் செத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டால் ஆகாது என்று வீட்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும்போது அண்ணன் படிப்பை விட்டுவிட்டான். அவனுக்கு இன்னொரு பெயர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

"பொலிசுல ஏம்மா இந்தப் பேரச் சொல்லல?"

"அடுத்தவன் பத்திரத்துல ஐடி எடுத்தான்னு அவனயே புடிச்சி உள்ள போட்டா? அதான் படம் குடுத்தோம்ல. மூஞ்சியப் பாத்துத் தேடுவாங்கன்னு நெனச்சேன்."

நான் கத்தினேன். பக்கத்தில் ஆள் இல்லாத லயம் என்பதால் நன்றாகவே கத்தினேன். இருபது வருஷமாக நாங்கள் வாங்கிய கடிதங்கள் அத்தனையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. நாங்கள் கொடுத்த பெயரில் ஒருவரும் இல்லைதான். கத்தி முடித்த பிறகு, அந்தப் பெயரைப் பொலிசில் எழுத்துக்கூட்டிச் சொன்னவள் நான்தானே என்று நினைத்தேன். அம்மா பாலில்லாத பிளேன்டீ ஊற்றி வைத்தாள். இரண்டு பெயரையும் விண்ணப்பத்தில் எழுதி, அம்மாவின் கைநாட்டை வாங்கி, காணாமல் போனவர்களுக்கான ஆபீசில் கொண்டு போய்க் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அவள் கல்யாணத்துக்குப் போவது போல நல்ல சேலை கட்டியிருந்தாள். புது வீட்டுக்கு எந்தச் சாமான் வேண்டும், எது வேண்டாம் என்று பஸ்ஸில் நான் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அதிகாரி யாழ்ப்பாணத்துப் பெண்மணி. எங்களை உட்காரச் சொல்லி, பைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"அம்மா, பிறப்புப் பத்திரத்திலை இருக்கிற பேரிலை ஒரு மரணப் பதிவு கிடக்குது. ரெண்டு மாசத்திலை செத்த குழந்தை எண்டு இருக்குது."

அந்தச் சாவைத் தோட்டத்து ஆபீசில் முறையாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

"ஆமாங்க. அது மூத்ததுங்க. காணாமப் போனது ரெண்டாவதுங்க."

"ரெண்டாவதுக்குப் பத்திரம்?"

"அதுக்கும் அதேதாங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதிவின்படி அந்தப் பெயருக்குரியவர் பிறந்த வருஷமே இறந்துவிட்டார், இறந்தவரைக் காணவில்லை என்று சான்றிதழ் கொடுக்க முடியாது என்றார். வீட்டுப் பெயருக்கோ பத்திரமே இல்லை. என் அண்ணன் பிறந்ததற்கே அரசாங்கத்திடம் அத்தாட்சி கிடையாது. கொழுந்துப் பைகளைத் தோளில் தூக்கி வந்தவன், எனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியவன், மீன் முள்ளை எடுத்துவிட்டு எனக்குச் சோறு ஊட்டியவன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதேங்கோ பிள்ளை," என்றார் அவர். "முதலிலை இருந்து துவங்கோணும். பொலிசுக்குப் போய் ரெண்டு பேரையும் அடையாள அட்டை நம்பரையும் போட்டுப் புதுசா ஒரு முறைப்பாடு குடுங்கோ. அவை விசாரிச்சு அறிக்கை தந்தால்தான் நாங்கள் ஏதும் செய்யலாம்."

"எவ்வளவு நாள் ஆகுங்க?"

"சொல்லேலாது. ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, வெளிநாடு போன ஆக்கள் எண்டு எல்லா இடமும் பாக்கோணும். எல்லாம் பேரையும் நம்பரையும் வைச்சுத்தான் பாக்கிறது. இந்தப் பேரிலை இண்டுவரைக்கும் ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே."

வெளியே வந்தோம். பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் எத்தனை வருஷம், எத்தனை கடிதம் என்று நினைக்கவே தெம்பில்லை. அம்மா உட்காரவில்லை. என் முன்னால் நின்றுகொண்டே கேட்டாள்.

"அந்தம்மா கடைசியா என்னா சொன்னாங்க? அந்தப் பேருல யாரும் பாக்கலன்னா?"

"ஆமாம்மா."

"ஜெயிலு, ஆஸ்பத்திரி, ஒரு எடத்துலயும் பாக்கலையா?"

"எங்கயும் பாக்கல."

அப்பா போன பிறகு அம்மாவின் முகத்தில் நான் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லதாப் போச்சுடி. எல்லாப் பக்கமும் தேடித்தான் கெடைக்கலையாக்கும்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

தோட்டத்துக்குப் போகும் பஸ் வந்தது. மலைப்பக்கம் மழை கட்டியிருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"இன்னைக்கு மட்டும் என்னோட வந்துரும்மா. மழை பெய்யப் போகுது."

அம்மா கையை விடுவித்துக்கொண்டு பஸ் படியில் கால் வைத்தாள்.

"நான் எப்படிடி வர்றது? இனிமேத்தானே அவனத் தேடப் போறாங்க."