காதுக்காரருக்குக் கேட்காத நாற்காலி

பேருந்துப் பணிமனையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். மற்ற மெக்கானிக்குகள் கழற்றிப் பார்த்துச் சொல்லும் கோளாறை அவர் கேட்டே சொல்லிவிடுவார். நீளமான திருப்புளி ஒன்றின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நிற்பார். "மூணாவது சிலிண்டர்" என்பார். கழற்றினால் மூன்றாவதுதான். முப்பத்தொரு வருடத்தில் இரண்டே தடவைதான் தப்பியிருக்கிறது என்று அவரே சொல்வார்.

அப்படிப்பட்டவர் வீட்டில் கதவு முனகுமா? கீல்களுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் உண்டு. எல்லாவற்றையும்விட அவர் அக்கறை நாற்காலிகள்மேல்தான். ஏதோ ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது வாங்கி வந்த நான்கு கனமான மர நாற்காலிகள். மழைக்காலம் முடிந்து காற்று உலரத் தொடங்கினால் மரம் சுருங்கும், மூட்டு தளரும், ஒன்று மாற்றி ஒன்று கத்த ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவார். தளர்ந்த மூட்டைப் பிரித்து, பழைய பசையை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, புதுப் பசை தடவிப் பொருத்துவார். நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, கயிற்றுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குவார். மறுநாள் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஜன்னலோரத் தையல் மெஷினுக்கு முன்னால் கிடக்கும் நாற்காலிக்கு முறை வரும்போது அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முதுகைப் பிடித்துக்கொள்வாள். "இந்த வீட்ல நாற்காலிக்கு நடக்கிற வைத்தியம்கூட எனக்கு நடக்கறதில்ல" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அவருக்கு ஐம்பத்தாறு நடந்தபோது, ஒருநாள் காலையில் அவள் தன் நாற்காலி கிறீச்சிடுகிறது என்றாள். அவர் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எழுந்து, பின்கால்களில் நிறுத்திச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. மெஷினுக்குத்தான் எண்ணெய் போதவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும் சொன்னாள். என் காதைவிட உன் காது பெரிதா என்று அவர் கேட்டார். அவள் ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு தைத்தாள்.

வெளியூரில் வேலையிலிருந்த மகள் விடுமுறைக்கு வந்தாள். சட்டைக்குப் பித்தான் தைக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், "என்னப்பா இது, பூனைய மிதிச்ச மாதிரி கத்துது? நம்ம வீட்லயா இப்படி?" என்றாள்.

அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மகள் ஒருதரம் அசைந்து காட்டினாள். அவர் நாற்காலியின் முதுகுச் சட்டத்தில் மெதுவாகக் கையை வைத்தார். அவள் அசையும்போதெல்லாம் உள்ளங்கைக்குள் ஏதோ சன்னமாகச் சுரண்டியது. மரத்துக்குள் சத்தம் இருந்தது. அவருக்குத்தான் அது வந்து சேரவில்லை. மகள் முகம் சுளித்துச் சிரிப்பதைப் பார்த்தபடி, கையை எடுக்காமல் நின்றார்.

அன்று மாலையே அந்த நாற்காலியைப் பிரித்தார். வலது பின்கால் மூட்டு தளர்ந்திருந்தது. விரலால் தடவியே கண்டுபிடித்தார். கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தபோது மனைவி வந்து எதிரே நின்றாள். "நான் மூணு வாரமா தொண்டை கிழியச் சொன்னேன். மக ஒரு வார்த்தை சொன்னதும் வேலை நடக்குது பாரு" என்றாள். மகள் சொன்னால் தட்ட முடியுமா என்று அவர் சமாளித்தார். பிடிவாதக்காரன் என்று அவள் நினைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. செவிடன் என்று நினைப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டார். பணிமனையில் திருப்புளியின் பிடியைக் காதுக்கு வைக்காமல் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் அழுத்திப் பார்த்தார். கனத்த சத்தங்கள் வந்தன, மெல்லியவை வரவில்லை. கையை அதிகம் நம்பத் தொடங்கினார். யாராவது பேசினால் வாயைப் பார்த்தார். வயதாக ஆக இவருக்கு மரியாதை கூடிப்போச்சு, முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுகிறார் என்று ஒருவன் கேலி செய்தான்.

அந்தப் பணிமனையில் ஆமை என்று பெயரெடுத்த ஓட்டுநர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதுக்காரர். வளைவில் மிதிவண்டி முந்தினாலும் கவலைப்படாத நிதானம். ஒருநாள் அவர் வந்து, "அண்ணே, முன்சக்கரத்துல ஊளையிடற மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் பாருங்க" என்றார். காதுக்காரர் வண்டியை மைதானத்தில் இரண்டு சுற்று ஓட்டினார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். இறங்கி, வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எஞ்சினின் உதறல்தான் தெரிந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். வேறு நான்கு வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன. காரணமில்லாமல் கழற்றினால், காதுக்காரருக்கே சந்தேகமா என்று கேட்பார்கள். "உன் மனசுலதான்யா சத்தம்" என்று அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு சரிவில் அந்த முன்சக்கரம் இறுகி நின்றுவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மதிலில் மோதியது. பயணிகளுக்குச் சிராய்ப்பு, நடத்துநருக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி குனிந்து காகிதத்தைப் பார்த்தபடியே கேள்வி கேட்டார். அவர் வாய் தெரியவில்லை. "டிரைவர்" என்பதும் "சொன்ன" என்பதும் காதில் விழுந்தன. டிரைவர் சொன்னாரா என்றுதான் கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டு காதுக்காரர் தலையாட்டினார். அடுத்த கேள்விக்கும் ஆட்டினார். தட்டச்சு செய்த தாளை நீட்டினார்கள். அங்கே நின்று படித்தால் மேலும் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஒரு வாரத்தில் ஆமையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். செய்தி கேட்டதும் காதுக்காரர் அலுவலகத்துக்குப் போய் அந்தத் தாளைக் காட்டச் சொன்னார். 'சத்தம் குறித்து ஓட்டுநர் எந்தப் புகாரும் தெரிவிக்கவில்லை என மூத்த மெக்கானிக் உறுதி செய்தார்' என்றிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. டிரைவர் ஒன்றும் சொல்லவில்லைதானே என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்குக் காது கேட்கவில்லை என்றார். அவள் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எப்பலேர்ந்து?"

"நீ சேர் கத்துதுன்னு சொன்னியே, அப்பலேர்ந்து. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும். மக உக்காந்து காட்டின அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு, தன் உதட்டசைவை அவர் படித்துக்கொள்ளும்படி முகத்தை நேரே வைத்து, "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் யாரு உங்களுக்கு?" என்றாள். அவர் ஓட்டுநரின் விஷயத்தையும் சொல்லி முடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அவருடைய சட்டையைத் தேய்த்துக் கொடுத்து, எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள்.

எழுதிக் கொடுத்தார். ஓட்டுநர் புகார் சொன்னார், எனக்குத்தான் கேட்கவில்லை, விசாரணையிலும் கேள்வி காதில் விழவில்லை, இதை மறைத்தது என் குற்றம் என்று ஒரு பக்கம். அவர் எழுதிய வேகத்தில் காகிதம் நகரவில்லை. மேஜை மேஜையாக உட்கார்ந்து எழுந்து ஓட்டுநர்மேல் இருந்த பழியைத் துடைத்துவிட ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த மனிதர் பாதி இளைத்திருந்தார். வேலை திரும்பக் கிடைத்தும், ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்குகிறது என்று வாசல் காவலை எழுதி வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் காதுக்காரர் அந்த வாசலைத் தாண்டித்தான் தினமும் உள்ளே போனார். ஓட்டுநர் வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சாலையைப் பார்ப்பார்.

காதுக்காரருக்கும் வேலை மாறியது. உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். பழக்கதோஷத்தில் சிலர் காதுக்காரரே என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர் காதில் ஒரு மெஷின் மாட்டியிருந்தது. எதிரே நின்று பேசினால் புரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வெறும் இரைச்சல்தான். அந்தத் திருப்புளியை வேறொருவர் கேட்டபோது துடைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் நாற்காலிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். மனைவிதான் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தாள்; சும்மா உட்கார்ந்தால் அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதால். அவள் உட்கார்ந்து மெல்ல ஆடுவாள். எந்தப் பக்கம் கத்துகிறது என்று விரலை நீட்டிக் காட்டுவாள். அவர் அந்தக் காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துப் பிரிப்பார். சில வேளை அவளுக்குக் கேட்காததும் அவர் கைக்குத் தெரிந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. சரிசெய்து முடித்த நாற்காலியில் அவளை உட்கார வைத்து, போச்சா என்று கேட்பார். போச்சு என்பாள். அவளுடைய முகத்தைப் பார்த்து நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓய்வு பெற்ற மறுவாரம், ஓட்டுநர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். தானும் வருவதாக அவளும் கிளம்பினாள். மாடிப்படியோரம் இரண்டு அறை கொண்ட வீடு. ஓட்டுநரின் மனைவி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ஓட்டுநர் வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

காதுக்காரர் எழுந்து நின்றுகொண்டார். "காது போச்சுன்னு சொல்ல வெட்கப்பட்டேன்ப்பா. அந்த வெட்கத்துக்கு உன்னைப் பலி குடுத்துட்டேன். ஒம்மேல ஒரு தப்பும் இல்ல. இத உன் வீட்ல வெச்சு, உன் வீட்டுக்காரம்மா முன்னாடி சொல்லணும்னுதான் வந்தேன்."

ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ஏதோ சொன்னார். நீளமாக இல்லை, ஒரே வாக்கியம். காதுக்காரருக்கு முதுகுதான் தெரிந்தது. தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. "என்னப்பா சொன்ன?" என்று கேட்டார். ஓட்டுநர் திரும்பவில்லை. அவருடைய மனைவி தரையைப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, ஓட்டுநர் என்ன சொன்னார் என்று மனைவியிடம் கேட்டார்.

"பரவால்ல அண்ணே, போய்ட்டு வாங்கன்னாரு" என்றாள்.

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையில் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவள்போல நின்றாள். இத்தனை வருடத்தில் அவளுக்குப் பொய் சொல்ல வந்ததே இல்லை. அவர் இன்னொரு தரம் கேட்கவில்லை. வண்டி வந்ததும் ஏறினார்கள். இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே அவள் எழுந்தாள். கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு உடனே வீட்டுக்குள் நுழைய அவளுக்கு மனமில்லை என்று புரிந்து, ஏன் என்று கேட்காமல் அவரும் இறங்கினார். மீதித் தூரத்தை இருவரும் நடந்தே வந்தார்கள்.