தண்ணீர் ஓடாத கால்வாய்க்குப் பொன்னாடை

எங்கள் தாமான் குடியிருப்பில் புதுக் கால்வாய் கட்டி முடித்த வாரம், தாமான் தலைவர் பொன்னாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். அவர் எனக்கு மரியாதை செய்கிறார் என்றாலே நான் கதவைப் பாதிதான் திறப்பேன். லாயாங் லாயாங்கில் இந்த வரிசை வீடுகளுக்கு ரப்பர் தோட்டத்திலிருந்து முதலில் குடி வந்தவள் நான். காரியம் இல்லாமல் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

"பெரியம்மா, சனிக்கிழமை கவர்மெண்டு ஆபிஸ்லேர்ந்து அதிகாரி புவான் வராங்க. மூத்தவங்க நீங்கதான் அவங்களுக்குப் பொன்னாடை போத்தணும்."

"எதுக்கு?"

"புது லோங்காங் கட்டிக் குடுத்ததுக்குத்தான்."

"தண்ணி ஓடிச்சா?"

"மழை வந்தா ஓடும் லா."

பிறகு விளக்கினார். அலுவலகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறமாம். முடிந்தால் பச்சை, பாதியில் நின்றால் மஞ்சள், தொடாமலே கிடந்தால் சிவப்பு. மேலிடத்தில் இருப்பவர்கள் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்த வருடப் பணத்தைப் பிரிப்பார்களாம். எங்கள் கால்வாய் பச்சை ஆகிவிட்டதாம்.

"மழையே வரல. பச்சைன்னு யாரு சொன்னா?"

"காண்ட்ராக்டர் போட்டோ அனுப்பியாச்சு. பொன்னாடை போத்துற போட்டோவும் போச்சுன்னா மக்களுக்குத் திருப்தின்னு எழுதிடுவாங்க. அடுத்த வருசம் மண்டபத்துக் கூரை நமக்குத்தான். கெடுத்துடாதீங்க."

கெடுத்துடாதீங்க என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம் முழுதாக வந்தது. குத்தகைக்காரர் படம் எடுத்ததை நான் பார்த்திருந்தேன். என் வீட்டு முன்னால் நின்றார், என் துளசித் தொட்டியை என்னைக் கேட்காமல் நகர்த்தினார், எடுத்தார், காரில் ஏறிப் போய்விட்டார். கால்வாயின் கடைசி வரை அவர் நடக்கவே இல்லை. சிமெண்டில் கை வைத்திருப்பார் என்று நினைத்து வீட்டுச் சாவியால் சுரண்டிப் பார்த்தேன். பொடிப்பொடியாக வரும் என்று எதிர்பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. சிமெண்டை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள் என்றால் வேறு எதிலோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் சந்தேகத்தைப் பார்த்துச் சிரித்த அக்கம்பக்கத்தாருக்கு என் வீட்டுக்காரர் காலைப் பற்றித் தெரியும், ஆனால் அந்தப் புண்ணைக் கழுவுகிறவள் நான். அவருக்குச் சர்க்கரை. போன பருவமழையில் பழைய கால்வாய் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, நான் அரிசி மூட்டையைத் தூக்கி வைக்கும் நேரத்தில், அவர் கட்டிலை விட்டு இறங்கி அதில் நடந்துவிட்டார். இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். இன்னொரு தடவை அழுக்குத் தண்ணீர் பட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கட்டில் காலுக்கெல்லாம் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். அவர் இறங்கமாட்டார் என்று யார் உறுதி சொல்வது?

பொன்னாடையைப் பார்த்ததும் அவர் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "அத இங்க குடு புள்ள. கால்ல சுத்திக்கிறேன். லோங்காங்குக்கு எதுக்கு சால்வை, அதுக்கென்ன குளிரா?"

சனிக்கிழமை கூடாரம் போட்டார்கள். கறிபாப், தேத்தண்ணீர் எல்லாம் இருந்தன. அலுவலகத்திலிருந்து வந்தவள் சின்ன வயது மலாய்ப் பெண். காலில் போட்டிருந்த சப்பாத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. மண் மிதிக்காதவள் கால்வாயைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். தலைவர் பொன்னாடைத் தட்டை என் கையில் கொடுத்தார். குத்தகைக்காரர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

"முதல்ல தண்ணி ஊத்துங்க. ஓடட்டும். அப்புறம் போத்துறேன்."

"அலமாக், பெரியம்மா! மானத்த வாங்காதீங்க."

"உன் மானம் லோங்காங்குலயா ஓடுது தம்பி?"

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் குழாயைத் திறந்துவிட்டவளும் அவள்தான். அவளைப் பார்த்து வரிசை முழுக்கத் தோட்டக் குழாய்களை இழுத்துக் கால்வாயில் விட்டார்கள். தண்ணீர் என் வாசலைத் தாண்டி விறுவிறு என்று ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இப்ப திருப்தியா?" என்றார் தலைவர்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தட்டை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அந்தப் பெண் தண்ணீரோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். ரயில் வேலிக்குப் பக்கத்தில் கால்வாய் ரோட்டுக்கு அடியில் நுழைகிறது. அங்கே தண்ணீர் சுழன்று நின்றது. பிறகு மெல்ல ஏறி, வந்த வழியே திரும்பியது. சிமெண்டு ஊற்றுவதற்கு அடித்த பலகைகளை அந்த வாய்க்குள்ளேயே தள்ளி, மேலே மண்ணைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அள்ளிப் போக ஒரு லாரி கொண்டுவரச் சோம்பல். படத்தில் அது எப்படித் தெரியும்?

"சின்ன விஷயம், திங்கட்கிழமை எடுத்துடுவோம். பச்சையாகவே இருக்கட்டும்," என்று குத்தகைக்காரர் மலாயில் சொன்னார்.

அந்தப் பெண் குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தாள். சப்பாத்தெல்லாம் சேறு. கடைசியில் என்னைப் பார்த்து, பெரியம்மா என்கிற மாதிரி மலாயில், "மாச்சிக், பச்சையை மஞ்சளாக மாற்றினால் என்னுடைய வேலைக்கான மதிப்பெண்ணும் இறங்கும்," என்றாள்.

இதை எதற்கு என்னிடம் சொல்கிறாள்? பரிதாபப்பட்டு நான் வேண்டாம் என்று சொல்வேன் என்றா? "உன் மதிப்பெண் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் கால்தான் தெரியும்," என்றேன். அவரைப் பற்றிச் சொன்னேன். அவள் கையில் இருந்த பலகை போன்ற கணினியைத் தட்டினாள். "காட்டு" என்றேன். காட்டினாள். எழுத்து எனக்குப் புரியவில்லை. நிறம் மஞ்சள்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

அன்றைக்கு யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை. தலைவர் என் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூரையைக் கெடுத்தவள் என்று கோயிலில் என் காது படவே பேசினார்கள். பேசட்டும். ஆட்கள் பலகையை எடுக்க வந்தபோது நாற்காலியைக் கொண்டுபோய் ரயில் வேலி ஓரம் போட்டு உட்கார்ந்தேன். "பாட்டி, வீட்டுக்குப் போங்க, வெயிலு," என்றான் ஒருவன். கடைசிப் பலகை லாரியில் ஏறுகிறவரை நான் எழுந்திருக்கவில்லை.

பருவமழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. நான் வாசல்படியில் நின்று கால்வாயைப் பார்த்தேன். உள்ளே அவர், "ஏறுதா? ஏறுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் பழுப்பாக ஓடியது. அப்போது தலைவர் குடையோடு வந்தார். என்னைப் பார்க்காமல் கைப்பேசியை மட்டும் நீட்டினார்.

"அந்தப் புவான். உங்கக்கிட்டதான் கேக்கணுமாம்."

வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்று கேட்டாள்.

"மழை இன்னும் விடவில்லை. விட்ட பிறகு கேள்," என்றேன்.

மறுநாள் காலையில் மறுபடி கூப்பிட்டுக் கேட்டாள். படிக்கட்டோடு நின்றது, அவர் கால் நனையவில்லை என்று சொன்னேன். இந்த வயது வரை அலுவலகத்து ஆள் ஒருவர் இரண்டாவது தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. அவளை நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். அடுத்த மழைக்கும் கூப்பிடுகிறாளா என்று பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் செங்கல்லை நான் இன்னும் எடுக்கவில்லை.